பாம்பன் திண்ணையில் கருத்தம்மா

ஒரு நாவல் மனதில் தங்குமா தங்காதா என்பதை நான் விமர்சனம் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் சிலர் இருக்கிறார்கள். ஒரு நாவலை அவர்களுக்கு வாசித்து முடித்து, நடுவில் ஒரு வாடைக்காலமும் போன பிறகு அவர்கள் வாயில் எந்தப் பெயர் வருகிறது என்று பார்ப்பேன். அந்தப் பெயர் உள்ள நாவல்தான் தங்கியது.

எங்கள் வீடு பாம்பனில், தென்கடல் பக்கம். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் வற்றுகிற நாட்களில், விடியக்காலையில் வள்ளத்தில் ஏறிப் போவார்கள். விரலுக்குத் துணி சுற்றி, முகத்துக்குக் கண்ணாடி மாட்டி, பாறைப் பக்கம் முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறித்து இடுப்புப் பையில் நிறைப்பார்கள். கரைக்கு வந்து காயப்போட்டு, தூசி தட்டி, வியாபாரிக்கு நிறுத்துப் போட்டால்தான் காசு. நான் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்பதால் அந்த நாட்களில் கம்பெனியில் பெட்டி நகராது, ஐஸ் உடைக்கிற சத்தம் இருக்காது, மத்தியானத்தோடு என் வேலை முடிந்துவிடும். எங்கள் தெருப் பெண்களும் பாசி வளரட்டும் என்று அந்தச் சமயத்தில் கடலை விட்டுவிடுவார்கள்.

ஒரு தடைக்காலத்தில் அம்மாவுக்குக் கண்ணில் உப்புத்தண்ணீர் பட்டுப் பட்டுப் புண்ணாகி, வெளிச்சம் பார்க்கக் கூடாது என்று படுத்திருந்தாள். "நீ பாட்டுக்கு உள்ளுக்குள்ளயே படிக்கிறியே, கொஞ்சம் சத்தமாத்தான் படியேன்" என்றாள். நான் சத்தமாகப் படித்தேன். மறுநாள் சின்னம்மா வந்து உட்கார்ந்தாள். அப்புறம் எதிர்வீட்டு அத்தை, அவள் மருமகள், வலை பொத்துகிற மாமா ஒருவர். பூவரச மரத்து நிழல் திண்ணையில் விழும்வரை உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் குடும்ப நாவல்களாகத்தான் வாசித்தேன். நல்லவர்கள் கஷ்டப்பட்டு, கெட்டவர்கள் திருந்தி, கடைசியில் எல்லாரும் ஒன்றாய்ச் சாப்பிட உட்காருகிற கதைகள். கேட்கும்போது மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார்கள். அடுத்த வருஷம் அந்தக் கதாநாயகியின் பெயரைக் கேட்டேன், ஒருத்திக்கும் ஞாபகம் இல்லை. "நல்ல கதைதான்" என்றார்கள். அதோடு சரி.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' அப்படிப் போகவில்லை. 1977-இல் வந்த சின்ன நாவல். மணப்பாட்டுக் கரையில் நடக்கிறது. வள்ளக்காரர்களுக்கும் லாஞ்சிக்காரர்களுக்கும் நடக்கிற தகராறு அதில் வருவதால் வலை பொத்துகிற மாமா ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் உள்ள வழக்கு எங்கள் கரையில் தீராத வழக்கு. வள்ளத்தை விற்க மனசு வராத குரூஸ் மிக்கேலை அவர் ஒரே நாளில் தன் கூட்டாளியாக்கிக்கொண்டார்.

பெண்களுக்குக் குரூஸ் மிக்கேலின் மகள் பிலோமிதான். அவள் காதலித்த சாமிதாஸ் அவளை விட்டுப்போகிற இடம் வந்ததும் அவனை வைது தீர்த்தார்கள். அத்தை எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தாள். பிலோமி அவனைச் சபிப்பாள், அழிந்துபோ என்பாள், அல்லது தானே கடலில் விழுந்துவிடுவாள் என்று காத்திருந்தார்கள். அவள் எதையும் செய்யவில்லை. அன்பு குறையாமல் அப்படியே இருக்கிறாள். தன் தாய்க்கும் வாத்திக்கும் இருந்த நேசத்தைக்கூட அந்தப் பெண் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. சின்னம்மாவுக்குக் கோபம் பொறுக்கவில்லை. "இவ என்ன பொம்பள, ஒரு வார்த்தை வையக்கூட மாட்டேங்குறா" என்று முந்தானையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மா மட்டும் ஒன்றும் பேசவில்லை.

அந்த வருஷம் கார்த்திகை வாக்கில் சின்னம்மா மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் முறிந்துபோனது. மாப்பிள்ளை வீட்டார் வேறு இடத்தில் கை நனைத்துவிட்டார்கள். வீட்டில் ஆளாளுக்குக் குதித்துக்கொண்டிருந்தபோது சின்னம்மா பாசியைப் புரட்டிப் போட்டபடி என்னைப் பார்த்து, "அந்தப் பிலோமிப் புள்ள இருந்தா இந்நேரம் என்ன செஞ்சிருப்பா?" என்று கேட்டாள். பக்கத்துத் தெருவிலிருந்து கட்டிப்போன பெண்ணைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டாள். எந்தப் பிலோமி என்று ஒரு நிமிஷம் எனக்கே பிடிபடவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு இது உறைத்தது. பிலோமியோடு ஒத்துப்போன அம்மாவைவிட, அவளோடு சண்டை பிடித்த சின்னம்மாவிடம்தான் அவள் அதிக நாள் குடியிருந்திருக்கிறாள்.

அடுத்து 'செம்மீன்'. தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-இல் மலையாளத்தில் எழுதியது. தமிழில் சுந்தர ராமசாமி கொடுத்தார். ஆலப்புழைப் பக்கத்துக் கடற்கரை, மேல்கடல். எங்கள் கடலுக்கும் அந்தக் கடலுக்கும் குணத்தில் ஒட்டுறவே கிடையாது. அங்கே அலை இடிக்கும். இங்கே வடகடல் குளம் மாதிரி கிடக்கும், தென்கடல் காற்றைப் பொறுத்து மாறும். ஆனாலும் அந்த நாவலுக்குள் போவதற்கு எங்கள் பெண்களுக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. காரணம் காதல் அல்ல, கடன்.

கருத்தம்மாவின் அப்பன் செம்பன்குஞ்சு சொந்தமாக வள்ளமும் வலையும் வாங்க, அவளை நேசிக்கிற மீன் வியாபாரி பரீக்குட்டியிடம் பணமும் மீனும் வாங்குகிறான். திருப்பிக் கொடுக்கிற எண்ணம் அவனுக்கு இல்லை. கருத்தம்மா அந்தக் கடனை நினைத்து நினைத்து மருகுகிறாள். இந்த இடத்தில் எங்கள் திண்ணை முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அவன் சொன்ன விலைக்கே பாசியும் மீனும் போடுகிறவர்களுக்கு, கொடுத்தவன் ஏமாறுகிற கதை புதிசு. "பரீக்குட்டி பணத்தைக் குடுத்தானா?" என்று அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வாசிக்கத் தொடங்குமுன் யாராவது கேட்பார்கள். கருத்தம்மாவுக்கும் அவனுக்கும் என்ன ஆச்சு என்பது இரண்டாம்பட்சம். பணத்தைக் கொடுக்காமல் அந்தப் பிள்ளையின் முகத்தில் அந்த அப்பன் எப்படி முழிக்கிறான் என்பதே பேச்சாக இருந்தது. சொந்தப் படகு வாங்கவேண்டும் என்று ஒரு மனுஷனுக்குள் ஏறுகிற வெறியைத் தகழி எழுதியதில் ஒரு எழுத்தும் பிசகில்லை என்று மாமா சொன்னார். அவர் அப்படி எளிதில் சொல்லுகிறவர் இல்லை.

சண்டை வந்தது வேறு இடத்தில். கடலுக்குப் போன ஆம்பளையின் உயிர், கரையில் இருக்கிற பெண்சாதியின் ஒழுக்கத்தில் இருக்கிறது என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. கருத்தம்மாவைப் பெற்ற சக்கி அதைச் சொல்லிச் சொல்லி வளர்க்கிறாள். நாவல் முழுக்க அந்தப் பயம் ஓடிக்கொண்டே இருக்கும். இதை வாசித்ததும் அத்தை கையை ஓங்கி என்னை நிறுத்தினாள்.

"நிப்பாட்டு. நாங்களுந்தான் கடலுக்குள்ள போறோம். முங்கி எந்திரிக்கிறோம். அப்ப எங்க உசுரு எதுல இருக்கு? எங்க வீட்டு ஆம்பளைக ஒழுக்கத்துலயா?"

யாரும் சிரிக்கவில்லை. அத்தை நிஜமாகவே கேட்டாள். அவள் மருமகள், இரண்டு பிள்ளை பெற்றவள், அதுவரைக்கும் வாயே திறக்காதவள், "அதைத்தான் நானும் நெனச்சேன்" என்றாள். அப்போது அம்மா சொன்னதை நான் என் கணக்கு நோட்டிலேயே எழுதிவைத்தேன்:

"அறுவத்துநாலுல தனுஷ்கோடில ரயிலோட போனாகளே, அம்புட்டுப் பேரு வீட்டுலயும் பொம்பளைக கெட்டுப் போனாகளா?"

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயல் அது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் ஊரை எட்டுவதற்குள் அலையில் போனது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள். தனுஷ்கோடியைக் குடியிருக்கத் தகுதியில்லாத ஊர் என்று அரசாங்கம் அறிவித்தது. எங்கள் அம்மாச்சி அந்த ஊர்க்காரி. தலைமன்னாருக்குக் கப்பல் ஏறப்போகிற சனத்துக்குப் பலகாரம் விற்றவள். அவள் அந்த ராத்திரியைச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் அம்மா. கடல் யாரையும் விசாரித்துவிட்டு எடுப்பதில்லை என்பது அவளுக்குப் பால்குடியிலேயே தெரிந்த சங்கதி. ஆகவே தகழியோடு அம்மா சமாதானம் ஆகவே இல்லை.

ஆனால் கருத்தம்மாவை அவள் விடவும் இல்லை. இதுதான் எனக்குப் பெரிய விஷயம். கடைசி அத்தியாயத்தில் கருத்தம்மாவின் புருஷன் பழனி ராத்திரியில் தனியாகச் சுறாவோடு போராடிக்கொண்டிருக்க, இங்கே கருத்தம்மா பரீக்குட்டியிடம் போகிறாள். பழனி திரும்பவில்லை, அவர்கள் இருவரும் பிணமாய்க் கரை ஒதுங்குகிறார்கள். நம்பிக்கை பலித்த மாதிரியே நாவல் முடிகிறது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே, "பழனி அன்னைக்குத் தனியாப் போயிருக்கக் கூடாது. கூட ஒரு ஆளு இருந்திருந்தா வந்திருப்பான்" என்றாள். "ஊரு சனந்தான் அவனைக் கூட்டுத்தொழிலுக்குச் சேத்துக்கலையே. கொன்னது ஊரு. பழியை அந்தப் புள்ள தலையில கட்டிட்டாக."

தமிழ் எம்.ஏ. படித்தவள் நான். அந்த நாவலைப் பரீட்சைக்கும் படித்திருக்கிறேன். பெண்டாட்டியைப் பற்றிய வதந்தியால் பழனியைப் படகில் சேர்க்க மற்றவர்கள் தயங்குகிறார்கள் என்பது நாவலிலேயே இருக்கிறது. அதனால்தான் அவன் தனியாகத் தூண்டில் கொண்டுபோகிறான். இந்த இரண்டையும் இணைத்து அம்மா சொன்ன மாதிரி வகுப்பில் யாரும் சொல்லவில்லை. தகழியே அதை அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று இப்போது நினைக்கிறேன். நம்பிக்கையை எழுதியவர், அந்த நம்பிக்கை எப்படி ஒரு மனுஷனைத் தனியாகக் கடலுக்குத் துரத்தும் என்பதையும் எழுதியிருக்கிறார். கேட்கிறவர் சண்டை பிடிக்க இடம் விட்டு எழுதியது அது. இன்றைக்கும் எங்கள் தெருவில் யாராவது ஆள் கூட்டாமல் தனியாக வத்தையை எடுத்தால், "பழனி மாதிரிப் போகாதடா" என்று அத்தை சத்தம் போடுவாள். பையன்களுக்கு எந்தப் பழனி என்று தெரியாது. யாரோ செத்துப்போன சொந்தக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' பெரிய புத்தகம், 2004-இல் வந்தது. ஒரு தடைக்காலத்தில் முடியாமல் அடுத்ததற்கும் நீண்டது. ஒடிந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நடுக்கடலில் மூன்று பேர், கோத்ராவும் சூசையும் சிலுவையும். அந்தக் கதையை விட்டுவிட்டுக் கரைக்கு வரும், ஊரின் பழைய காலத்துக்குப் போகும், திரும்பக் கடலுக்கு வரும். இந்தப் போக்குவரத்தை எங்கள் பெண்களால் தாங்கமுடியவில்லை. "மூணு பேரு அங்க கெடக்காக, நீ கலியாணக் கதை படிச்சுக்கிட்டிருக்கே" என்று சின்னம்மா அதட்டினாள். பக்கங்களைத் தள்ளிவிட்டுக் கடல் வரும் இடத்துக்குப் போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. காத்திருப்பதுதானே அந்த நாவல் நமக்குத் தருவது. கரையில் கல்யாணமும் சண்டையும் பிள்ளைப்பேறும் நடந்துகொண்டே இருக்கும், மனசில் ஒரு மூலையில் மூன்று பேர் தண்ணீரில் மிதந்துகொண்டே இருப்பார்கள். கடலோரத்துப் பெண்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. முடிவை நான் இங்கே சொல்லவில்லை, படிக்காதவர்கள் படியுங்கள்.

அந்த நாவல் வாசித்த நாட்களில் ஒரு அக்கா வரத் தொடங்கினார். அவர் வீட்டுக்காரர் போன படகு வந்தது, அவர் வரவில்லை. வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் வந்து உட்கார்ந்ததும் அம்மா கண்ணால் எனக்குச் சைகை காட்டினாள், வேண்டாம் என்று. நான் புத்தகத்தை மூடப்போனேன். "படி தங்கச்சி" என்றார் அக்கா. "எனக்குத் தெரியணும்." குளிர் எப்படி ஏறுகிறது, தாகம் எப்படி எடுக்கிறது, ஒருவரை ஒருவர் எப்படிப் பேசித் தூங்கவிடாமல் வைத்துக்கொள்கிறார்கள் என்ற பக்கங்களை அவர் திரும்பவும் வாசிக்கச் சொன்னார். ஒரு தடவை, "மூணு பேரு இருந்தாகள்ல. பேச்சுத்துணை இருந்திருக்கு" என்றார். அவருக்கு அந்த நாவல் என்ன கொடுத்தது என்று நான் பேசத் துணியமாட்டேன். அவர் கடைசிவரை வந்தார், இப்போதும் வருகிறார்.

திண்ணைக்குக் கொண்டுபோக முடியாமல் எனக்குள்ளேயே கிடக்கிற நாவல் ஒன்று உண்டு. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. அவர் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். அப்போது அதுவும் ராமநாதபுரம் ஜில்லாதான். இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்குப் போய், யுத்தம் முடிந்து ஊர் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலைபார்த்து, 1997-இல் இறந்துபோனார். எழுதியது இரண்டே நாவல். இது 1972-இல் அச்சானது. தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் கீழக்கரையிலும் பழைய வீடுகளில் பினாங்கு என்ற பெயர் அடிபடாமல் ஒரு பேச்சு முடியாது. அந்தப் பினாங்கையும் மேடானையும் ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து கண்முன் நிறுத்துகிற நாவல் அது. திண்ணையில் வாசித்துப் பார்த்தேன். மலாய், சீனம், செட்டிநாட்டுப் பேச்சு, பழைய பாட்டு எல்லாம் கலந்து பாண்டியன் மனசுக்குள் பேசுகிற பக்கங்கள் காதுக்குப் பிடிபடவில்லை. கண்ணால் மெல்ல மெல்லப் போகவேண்டிய எழுத்து. தொங்கான் என்கிற பாய்க்கப்பல் புயலில் மாட்டுகிற இடம் மட்டும் எல்லாரையும் கட்டிப்போட்டது. மாமா படகின் நீளம், பாய், சுக்கான் எல்லாம் விசாரித்தார்.

நான் அதைப் படித்தது திருப்பூரில், பனியன் கம்பெனியில் கணக்கெழுதப் போயிருந்தபோது, விடுதிக் கட்டிலில். பாண்டியன் மேடானில் குடித்துவிட்டு மதுரைத் தெருக்களையும் சின்னமங்கலத்தையும் ஒவ்வொன்றாக நினைத்து நடந்துபோவான். கடை, ஆள், வாசனை எதுவும் விடமாட்டான். நான் கட்டிலில் படுத்தபடி எங்கள் தெருவை அப்படி நடந்து பார்த்தேன். தெற்கே மாதா குருசடி, ஐஸ் கம்பெனிச் சுவர், கருவாடு காயும் மணல், அம்மா பாசி உலர்த்துகிற சாக்கு. மூன்றாவது வீட்டுக்கு மேல் எனக்கு வரவில்லை. யார் வீட்டில் எந்த நிறக் கதவு என்று மறந்திருந்தது. ஊர் திரும்ப நினைத்த பாண்டியன் திரும்பவில்லை. நான் அந்தத் தைமாசமே மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். நாவல் படித்துவிட்டா வேலையை விட்டாய் என்று கேட்டவர்களுக்கு நான் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். சம்பளம் பாதியானது உண்மை, அதற்காக இதுவரை வருந்தவில்லை.

மண்டபத்திலிருந்து பஸ் ரோட்டுப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் அவன் ஞாபகம் வரும். இடதுகைப் பக்கம் ரயில் பாலம், 1914-இல் திறந்த பழையதற்குப் பதிலாக 2025-இல் திறந்த புதுசு. சன்னலோரம் உட்கார்ந்து ஊருக்குள் வருகிறவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். சிலர் எண்ணிக்கொண்டு வருகிறார்கள், எது இருக்கிறது, எது போயிற்று என்று. நான் அந்த வகை. என்னை அப்படி ஆக்கியது பாண்டியன்.

வருகிற தடைக்காலத்துக்கு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' எடுத்துவைத்திருக்கிறேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை நேரில் போய்ப் பார்த்துப் பழகி அவர் எழுதிய நாவல். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்கிற மதினி ஒருத்தி, பெரியம்மா வீட்டு மருமகள், கேட்பதற்கென்றே இங்கே வந்து தங்கப்போகிறாளாம். போனில் அவள் கேட்ட முதல் கேள்வி, பாத்தியில் நின்று நின்று உள்ளங்கால் வெடிக்கிறதைப் பற்றி அந்த அம்மா எழுதியிருக்கிறார்களா என்பது. எழுதாமல் விட்டிருந்தால் மிச்சத்தையும் நம்பமாட்டாளாம். பொன்னாச்சி உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற பக்கத்திலிருந்தே ஆரம்பித்துவிடலாமா என்று கேட்டேன். அம்மா விடவில்லை. "ஒண்ணாம் பக்கத்துலருந்து படி. அந்தப் புள்ள அங்க போறதுக்கு முன்னால வீட்டுல என்ன நடந்துச்சுன்னு தெரியாம, நாம எப்படி நாயம் பேசுறது?"